பழக்கூடையில் போட்ட போன்

ருவைஸில் ஓர் ஆலையின் கேட்டில், டியூட்டி முடிந்து வரிசையில் நிற்கிறேன். ஒரு வார வேலைக்காக எங்களை அபுதாபியிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். உள்ளே யாரும் படம் பிடித்துவிடக் கூடாதாம். அதனால் கேமரா போன் வைத்திருப்பவர்கள் காலையில் அதைக் கேட்டிலுள்ள பிளாஸ்டிக் பழக்கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். டோக்கன் கிடையாது, பெயர் எழுதுவதும் கிடையாது.

என் முறை வருகிறது. கூடையில் என் போன் இல்லை. ஊரில் தங்கைக்கு இன்று பிரசவம். அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். பின்னால் நிற்பவரின் கேமரா இல்லாத போனில் என் எண்ணை அடித்துப் பார்க்கிறேன். அணைத்து வைத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரரான செக்யூரிட்டி கூடையை என் பக்கம் தள்ளுகிறார். “இதுக்குள்ளை ஒண்டை எடுத்துக்கொண்டு போங்கோ தம்பி. பஸ் நிக்குது.”

“இது வேற யாரோடதோ அண்ணே. அவங்க வந்து கேட்டா?”

“அவையும் இன்னொண்டை எடுப்பினம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “உள்ள இருக்கிற குழாய்க்கு இவ்வளவு காவல். எங்க பொருளுக்கு யாருண்ணே காவல்?”

“நான் கேற்றுக்குத்தான் காவல். கூடைக்கில்லை.”

எதையும் எடுக்காமல் ஒதுங்கி நிற்கிறேன். என்னுடையதை எடுத்தவன் தன்னுடையதை விட்டிருந்தால், கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். கூடை காலியாகிறது.

“கலாஸ், முடிஞ்சுது” என்று அதைக் கவிழ்த்து வைக்கிறார் செக்யூரிட்டி. பிறகு கேட்டைப் பூட்டி, பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்து இழுத்துப் பார்க்கிறார்.