முன்வரிசையில் குளிர் அதிகம்

அந்த அரங்கத்தில் அவரைச் சோபாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் முதல் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவர் வரை எல்லாருக்கும் அதுதான் வாயில் வரும். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. கருத்தரங்கு, ஆண்டு விழா, பரிசளிப்பு என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும் இடம் அது. முன்னால் இரண்டு பேர் உட்காரும் சோபாக்கள், வெள்ளை உறை போட்டவை. அவற்றுக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலிகள். கடைசியில் முதுகை முறிக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். யார் எதில் உட்காரலாம் என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. அந்தச் சட்டமெல்லாம் சோபாக்காரரின் கண்ணில் இருந்தது.

உட்கார வைப்பது ஒரு வேலையே இல்லை. கையைக் காட்டினால் யாரும் உட்காருவார்கள். உட்கார்ந்தவரை எழுப்புவதுதான் வேலை. இவருக்கு முன்னால் இருந்தவர், "இது உங்க எடம் இல்ல, எந்திரிங்க" என்று ஒருவரிடம் நேரடியாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் அறை வாங்கி, மறுநாளிலிருந்து வேலைக்கே வரவில்லை. சோபாக்காரர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அவரிடம் ஒரு வசனம் இருந்தது.

பக்கத்தில் போவார். காதோடு காதாகக் குனிவார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இந்த எடத்துல ஏசி நேரா மூஞ்சியில அடிக்கும். கொஞ்ச நேரத்துல தலைவலி வந்துரும். அந்தப் பக்கம் உக்காந்தா வசதியா இருக்கும், மேடையும் நல்லா தெரியும்." சொல்லிக்கொண்டே அவர்களுடைய பையைத் தானே தூக்கிக்கொள்வார். அவர்களும் பை போன வழியே எழுந்து போவார்கள், பின்வரிசையில் உட்கார்ந்ததும் நன்றியும் சொல்வார்கள். துரத்தப்பட்டோம் என்பது பலருக்குக் கடைசிவரை தெரியாது.

யாரை எழுப்பலாம் என்று கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். செருப்பைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், ஆனால் அதையெல்லாம் முழுசாக நம்ப மாட்டார். உட்காரும் விதத்தைத்தான் நம்புவார். உரிமை உள்ளவர் சாய்ந்து உட்காருவார். இல்லாதவர் நுனியில் உட்கார்ந்து, அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்ப்பார். இந்தக் கணக்கு ஒரே ஒரு முறைதான் அவர் காலை வாரிவிட்டது. ஒரு நாள் ஜம்மென்று சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஏக உபசாரம் செய்தார். கடைசியில் பார்த்தால் அவர் டிரைவர். முதலாளி மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், சோபாவைப் பார்த்ததும் கொஞ்சம் ஓய்வெடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் சாயங்காலம் சாப்பிடும்போது வீட்டில் நடித்துக் காட்டுவார். மனைவி ஒரு தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவள். பகலெல்லாம் குனிந்தே இருந்துவிட்டு வருகிற அவளுக்கு இந்தக் கதைகள் நல்ல மருந்து. பள்ளிக்கூடம் போகும் மகளும் சேர்ந்துகொள்வாள். ஏசி வசனம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே மகள் இடம் பிடித்துவிட்டால், "அம்மா, தப்பா நெனைக்காதீங்க, இந்த எடத்துல ஏசி நேரா மூஞ்சியில அடிக்கும்" என்பாள் மனைவி. அந்த வீட்டில் ஏசி கிடையாது.

மகளுக்குக் கணக்கில் பரிசு கிடைத்தது. ஊரிலுள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாம் கலந்துகொண்ட போட்டி. பரிசளிப்பு விழா அப்பாவின் அரங்கத்திலேயே என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சோபா உறைகளைச் சலவைக்குப் போட்டு, மேடைப் படிகளைத் தானே துடைத்தார். மனைவியிடம் மட்டும், "நீ நாலாவது வரிசையில உக்காரு. உனக்கு எடம் போட்டு வைக்கிறேன். அங்கதான் நல்லா தெரியும்" என்றார்.

"நெஜமாவே தெரியுமா, இல்ல அதும் ஏசி கதையா?" என்றாள் அவள்.

அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

விழா அன்று நாலாவது வரிசையில் இரண்டு நாற்காலிகள் மேல் கைக்குட்டையை விரித்துப் போட்டார். ஒன்று மனைவிக்கு. மகளைக் கூப்பிடும் நேரத்தில் நைசாக வந்து உட்கார்ந்துவிடலாம் என்று இன்னொன்று தனக்கு. பிறகு தண்ணீர் பாட்டில்கள் எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது மனைவி முன்வரிசை சோபாவில் இருந்தாள். பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெற்றோரை முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியை கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அது யாரிடம் கற்ற பாடம் என்று அவருக்குத் தெரியும். சோபாவின் மறுபாதியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அது யாருக்கு என்பதும் தெரியும். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பரிசெல்லாம் குடுக்கிற முதலாளியோட அம்மாவும் தங்கச்சியும் சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. வெளிய நிக்கிறாங்க. முன்னால ஒரு சோபாவக் காலி பண்ணுங்க. அவங்க மனசு கோணிச்சுன்னா நீங்களும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

சோபாக்காரர் வரிசையைப் பார்த்தார். டாக்டரும் அவர் மனைவியும். ஒரு வக்கீல் குடும்பம். அடுத்து இவர் மனைவி. அடுத்து பேங்க் அதிகாரி ஒருவர், அதற்கும் அடுத்து கையில் இரண்டு போனோடு ஒருவர். கண் ஒரு முறைதான் ஓடியது. போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஓர் ஆள் எழுந்தால் முழு சோபாவும் காலி. தவிர, நம்ம ஆளுதானே, புரிஞ்சுக்குவா. இந்தச் சமாதானம் அவருக்குத் தோன்றியது கண் நின்ற பிறகுதான், முன்னால் இல்லை.

போய்க் குனிந்தார். சுற்றிலும் பெரிய மனிதர்கள். புருஷனாக என்ன பேசுவதென்று தெரியவில்லை. பழகிய வாய் பழகியதையே சொன்னது. "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்த எடத்துல ஏசி..."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்குக் குளிரல," என்றாள்.

கைப்பையைத் தூக்க நீண்ட அவர் கை பாதியில் நின்றது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இன்னொரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுவாள், அவருக்கு நிச்சயமாகத் தெரியும். மகள் மேடையிலிருந்து அம்மாவைத் தேடுவாள், அந்த இடத்தில் வேறு யாரோ இருப்பார்கள். சொல்லாவிட்டால் வேலை போகலாம். வாசலில் மேனேஜர் கண்ணாலேயே விரட்டிக்கொண்டிருந்தார்.

அவர் நேரே வெளியே போனார். முதலாளியின் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, முன்னாடி ஏசி நேரா மூஞ்சியில அடிக்கும், உங்களுக்கு ஒத்துக்காது. உங்களுக்குன்னு நடுவுல தனியா எடம் போட்டு வச்சிருக்கேன். அங்க இருந்து பாத்தாதான் மேடை முழுசா தெரியும்."

'தனியா' என்ற சொல்லுக்கே அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, ஞாபகமா எடம் வச்சிருக்காங்க," என்றார் கூட வந்த தன் மகளிடம். சோபாக்காரர் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாலாவது வரிசையில் கைக்குட்டையை உருவிவிட்டு இருவரையும் உட்கார வைத்து, ஒரு குட்டி மேசையும் இரண்டு பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார். மேனேஜர் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

மகளைக் கூப்பிட்டார்கள். மேடையேறியதும் அவள் முன்வரிசையைத்தான் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினாள். பக்கத்தில் கைப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. சோபாக்காரர் பக்கவாசலில் நின்று தட்டினார். போய் உட்கார்ந்திருக்கலாம், இனி மேனேஜர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கால் வரவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது முதலாளியின் அம்மாவை அப்படியே நடித்துக் காட்டினார். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மனைவியும் சிரித்தாள், ஆனால் அவர் பக்கம் பார்க்காமல் சிரித்தாள். மகள் பரிசுக் கோப்பையைக் காட்டப் பக்கத்து வீட்டுக்கு ஓடிய பிறகு மனைவி தட்டுகளை அடுக்கினாள்.

"நல்லாதான் சமாளிச்சீங்க," என்றாள். "ஆனா மொதல்ல எங்கிட்டதானே வந்தீங்க."

சோபாக்காரர் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். "அத்தனை பேர் நடுவுல நீ ஒருத்திதான் நம்ம ஆளு. நீ புரிஞ்சுக்குவேன்னுதான்..."

"புரிஞ்சுக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.