பூட்டிய அறைக்குள் வந்த உப்பு

எங்கள் முதலாளி மிஸ் முதன்முதலாகப் பாகம் பாகமாகப் பூட்டிய கணினியைக் கண்ணால் பார்த்தவர்கள் பலர். அதன் பாரத்தை அறிந்தது என் முதுகு ஒன்றுதான். இரும்புப் பெட்டி, இரண்டு காற்றாடி, உள்ளே ஒரு குடும்பமே குந்தியிருக்கிறதுபோலப் பாரம். அதைத் தோளில் வைத்து நான் மாடிப்படி ஏற, "அண்ணை, மெல்ல, மெல்ல" என்று மிஸ் கையை நீட்டியபடி பின்னால் வந்தார். நான் விழுந்தால் பிடிக்க அல்ல, பெட்டி விழுந்தால் பிடிக்க. எனக்கு அது அப்போதே விளங்கியது, ஆனால் கோபம் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்த அறிவில் கால்வாசி என் தலைக்குள் இருந்திருந்தால் அதை வேறொருவன் சுமந்திருப்பான்.

இப்போதெல்லாம் மூன்றாம் படியிலேயே என் முழங்கால் கதைக்கத் தொடங்கிவிடுகிறது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இருந்த எங்கள் கொம்பனியின் வேலைத்தலத்தைப் போன மாதம் மூடினார்கள். கொழும்புத் தலைமைக் கந்தோரில் இருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்து, கொம்பனி வளர்ந்த கதையை எழுதிச் சுவரில் மாட்டப்போகிறோம், நீங்கள்தான் பழைய ஆள், மிஸ்ஸைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டான். சொன்னேன். அவன் எழுதிக்கொண்டது பாதி. மற்றப் பாதியை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

மிஸ் இந்த ஊர்ப் பிள்ளை. கொழும்பில் படித்து, அங்கேயே நல்ல வேலையும் பார்த்துவிட்டு, சண்டை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர். கெட்டிக்காரர்கள் ஊரை விட்டுப் போக வழி தேடிக்கொண்டிருந்தபோது இவர் இருக்க வழி தேடினார். வேர்க்ஸ்டேஷன் பூட்டி விற்கப் போகிறேன் என்றார். அது என்ன சாமான் என்று கேட்டேன். "சும்மா கம்ப்யூட்டர் சைக்கிள் எண்டால், இது லொறி அண்ணை. கடலின்ர ஆழம், பாலத்தின்ர பிளான், அப்பிடிப் பாரமான படமெல்லாம் இதிலதான் கீற ஏலும்" என்றார். நான் அதற்கு முன் சல்லி என்கிற கரையூரில் படகு எஞ்சின் திருத்தித் திரிந்தவன். லொறி என்றதும் நிம்மதியாக இருந்தது. கொம்பனியில் அப்போது மூன்று பேர்: மிஸ், நான், வாசலில் படுத்திருந்த நாய். கணினிப் பக்கம் எட்டியும் பாராதது நாய் மட்டும்தான். அதனால் நாயால் ஒரு கெடுதியும் வரவில்லை.

மிஸ்ஸின் அப்பா தவணை வைத்துவிட்டார். தைப்பொங்கலுக்குள் இந்தத் தொழில் நிமிராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்பு வேலைக்கே திரும்ப வேண்டும். மிஸ்ஸும் ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் துறைமுகத்தடியில் கடலை அளந்து படம் கீறுகிற ஒரு கந்தோரில் இருந்து ஆள் வந்தது. அங்கே வாங்கி வைத்த கணினியெல்லாம் ஒரு மாரிமழைக் காலத்துக்குமேல் தாக்குப்பிடிப்பதில்லையாம். கந்தோரின் பெரியவர் மிஸ்ஸிடம் தெளிவாகச் சொன்னார். கடலைப் பார்த்த அறையில் உங்கள் மெஷின் ஒன்றை வையுங்கள், தைப்பொங்கல் வரைக்கும் ஒரு நாளும் நிற்காமல் ஓடினால் பத்து எடுக்கிறோம். பத்து எடுத்தால் மிஸ் ஊரில் இருக்கலாம். நின்றால் கொழும்பு. கணக்கு அவ்வளவுதான், எனக்கே விளங்கிய கணக்கு.

ஒவ்வொரு நாளும் விடியக் கந்தோர் ஆட்கள் வருவதற்கு முன் போய்த் தூசி துடைத்து, பொத்தானை அமத்தி, மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அறைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்த அன்று மிஸ் சொன்னது ஒன்றுதான். "யன்னலை மட்டும் திறக்காதேங்கோ அண்ணை. என்ன நடந்தாலும் திறக்காதேங்கோ."

திறந்தேன். முதல் நாள் இல்லை, நாலாம் நாள். அறை புழுங்கி மணத்தது. பெட்டியில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. எஞ்சின் சுட்டால் காற்றுப் பட விடுவதுதான் எங்கள் வழக்கம். சல்லியில் பிறந்தவனுக்குக் கடற்காற்று மருந்து. பிள்ளைக்கு இருமல் என்றாலும் கரைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பாவம், இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு மூச்சு முட்டி இருக்கிறதே என்று யன்னலை நன்றாகத் திறந்து, பெட்டியையும் காற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பிறகு கீழே போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, கந்தோர் திறக்குமுன் வந்து யன்னலைச் சாத்தினேன். மாரிக் காற்று நேரே கடலில் இருந்து அடித்தது. இரண்டு மாதம், நாள் தவறாமல், மிஸ்ஸின் எதிர்காலத்துக்கு நான் உப்புத் தூவியிருக்கிறேன். அக்கறையோடு செய்தேன். அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.

யேசு பிறந்த நத்தாருக்குக் கந்தோர் நாலு நாள் பூட்டு. மிஸ் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். முதல் நாள் விடியப் போய்ப் பொத்தானை அமத்தினேன். அசைவில்லை. திரும்பவும் அமத்தினேன். மாரியம்மனையும் கூப்பிட்டு அமத்தினேன். செத்துப்போய்க் கிடந்தது. அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் வைத்துத் திறந்தேன். செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. கடலுக்குள் விழுந்த எஞ்சினுக்குள் நான் நூறு தரம் கண்ட பச்சை. அதற்கு எங்கள் வைத்தியமும் ஒன்றுதான், நல்ல தண்ணீரில் கழுவுவது. அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரைப் பீலிக்குக் கீழே பிளாஸ்டிக் பேசின் ஒன்றை வைத்து நிரப்பி, மெஷினின் பெரிய பலகையைக் கழற்றி உள்ளே போட்டு, மகளின் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

என் மனுசி அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றாள். "இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?"

"முழுக வார்க்கிறன்."

"மிஸ் அறிஞ்சாவெண்டால் உங்களுக்கெல்லோ முழுக வார்ப்பா."

காய வைப்பதற்கு வெயில் இல்லை. கோழிக்குஞ்சுகளைப் பெட்டியில் இருந்து கிளப்பிவிட்டு, அவற்றுக்குச் சூடு கொடுக்கிற பல்ப்புக்குக் கீழே பலகையை இரண்டு நாள் கிடத்தினேன். குஞ்சுகள் குசினிக்குள் என்னைத் திட்டித் திரிந்தன. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஒரு ஆணி மிச்சம் வந்தது. எந்த எஞ்சினைப் பூட்டினாலும் எனக்கு ஒரு ஆணி மிச்சம் வரும், ஆகவே சரியாகத்தான் பூட்டியிருக்கிறேன் என்று நம்பிக்கை வந்தது. பொத்தானை அமத்தியதும் உள்ளே இருந்து "கீக்" என்று ஒரு சத்தம். "பொரிச்சிட்டுது" என்றாள் மனுசி.

மிஸ் வந்ததும் கழுவின கதையைச் சொன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார்.

"எந்தத் தண்ணியில கழுவினனீங்கள்?"

"மழைத்தண்ணி மிஸ். எங்கட கிணத்துத் தண்ணி உவர். அதை நான் எஞ்சினுக்கே ஊத்த மாட்டன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்து முடிந்ததும், "பெரியவரிட்டச் சொல்லத்தான் வேணும்" என்றார்.

"என்ன கதை மிஸ் இது? செத்த ஆளை எழுப்பியாச்சு. நீங்கள் ஏன் திரும்பப் பாடை கட்டுறியள்?"

கேட்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். மெஷின் நின்றது, மூன்று நாள் நின்றது, கழுவி எழுப்பினோம் என்று பெரியவர் முன்னால் நின்று சொன்னார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிய வந்திராதே?"

"இந்த அண்ணைக்கு வாய் நிக்காது சேர். நாளைக்கே ஊருக்கெல்லாம் சொல்லிப்போடுவார்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார். "யன்னல் ஏதும் திறந்து கிடந்ததோ?"

"இல்லை சேர், ஒரு நாளும் திறக்கேல்ல" என்று மிஸ் உடனே சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணை?"

அந்த ஒரு கணத்தில் என்னிடம் எல்லாமே இருந்தது. திறந்தேன் என்று சொன்னால் பிழை என்னுடையது, மெஷினுடையது அல்ல. பெரியவர் இன்னொரு தவணை கொடுத்திருக்கலாம், பத்தும் எடுத்திருக்கலாம். "ஓம் மிஸ்" என்றேன். "திறக்கேல்ல."

பெரியவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பூட்டின அறைக்குள்ளயே உப்பு வந்து கொல்லுதெண்டால், பிள்ளை, உங்கட மெஷினும் எங்களுக்குச் சரிவராது." பத்து மெஷின் ஓடர் இல்லை. நாங்கள் எழும்பி வாசல்வரை வந்த பிறகு, மனம் கேட்காமலோ என்னவோ, களஞ்சியத்தில் செத்துக் கிடந்த இரண்டு மெஷின்களைக் காட்டி, வேண்டுமென்றால் இதுகளையும் கழுவிப் பாருங்கள் என்றார்.

அந்த இரண்டும் எழும்பின. தைப்பொங்கலுக்குள் இன்னும் ஏழு வந்தன. தொழில் நிமிர்ந்ததால் அப்பா கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மிஸ்ஸின் மண்டைக்குள் பெரியவரின் சொல் புகுந்துவிட்டது. பூட்டிய அறைக்குள்ளும் உப்பு வருமென்றால் அறையை நம்பிப் பயனில்லை, மெஷினுக்கே தோல் வேண்டும். மழைத்தண்ணீர் போய்க் காய்ச்சி வடித்த நீர் வந்தது, குஞ்சுப் பெட்டி போய் மின்சாரச் சூளை வந்தது. பலகைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசிப் பூசிப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அது சரிவந்தது. கடலுக்குள் தூக்கிப் போட்டாலும் சாகாத வேர்க்ஸ்டேஷன் என்று கதை பரவியது. கொஞ்சம் மிகைதான், பரப்பினவன் நான். உப்பளக்காரர்கள் வந்தார்கள், கப்பல்காரர்கள் வந்தார்கள், தீவுகளில் இருந்து கடிதம் வந்தது. ஒரு அறை இரண்டு மாடியானது. சாமான் வருவதும் போவதும் கொழும்பு வழியாக என்பதால் அங்கே ஒரு கந்தோர் போட வேண்டி வந்தது. மிஸ் ஒரு கிழமைக்கு என்று போனார், பிறகு ஒரு மாதத்துக்கு என்று போனார். பிறகு இங்கே வருவதைத்தான் "ஒரு கிழமைக்கு" என்று சொல்லத் தொடங்கினார்.

கொம்பனியின் புத்தகங்களில் எல்லாம் முதல் பக்கத்தில் அந்தக் கதை இருக்கும். பூட்டிய அறைக்குள் வந்த உப்பு, மழைத்தண்ணீர், நான். புதுப் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தால் என்னை வந்து பார்ப்பார்கள். ஒரு விழாவில் மாலையும் போட்டார்கள். மாலையோடு எடுத்த படத்தில் எனக்கு நெஞ்சுவலி வந்தவன் முகம். வருடத்துக்கு வருடம் அந்தப் பொய் பதவி உயர்ந்துகொண்டே போனது. நான் மட்டும் அதே வேலையில் இருந்தேன்.

போன மாதம் கடைசிச் சாமான்களை லொறியில் ஏற்ற மிஸ்ஸே வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. ஒரு பெட்டியின் மேல் குந்திக்கொண்டு தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். அப்பா இருந்த வீட்டையும் விற்றாயிற்றாம். "இந்த ஊரில இருக்கத்தானே அண்ணை இவ்வளவும் தொடங்கினனான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வெறும் அறையைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் சொன்னேன். யன்னலை, பெட்டியைக் காற்றுப் பக்கம் திருப்பினதை, இரண்டு மாதத்தை, எல்லாவற்றையும்.

மிஸ் கோப்பையைப் பக்கத்தில் வைத்தார். பிறகு கணக்குப் பார்க்கிற குரலில் கேட்டார். "அப்ப பூட்டி வைச்சிருந்தால் அந்த மெஷின் நிண்டிராது?"

"நிண்டிராது மிஸ்."

"பத்து ஓடரும் வந்திருக்கும்."

"ஓம் மிஸ்."

"பத்து மெஷினையும் பூட்டிக் குடுத்திட்டு, அதுகளைப் பாத்துக்கொண்டு, நான் இஞ்சையே இருந்திருப்பன்."

"கொம்பனி வந்திராது மிஸ்" என்றேன். தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"ஓம்" என்றார். "வந்திராது." அதற்காகச் சந்தோசமா கவலையா என்று அவர் முகத்தில் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. எனக்கு வாசிப்பு எப்போதும் கொஞ்சம் குறைவு.

வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். இருட்டுமுன் பாதித் தூரம் தாண்ட வேண்டுமாம்.

"ஏன் அண்ணை அண்டைக்கே சொல்லேல்ல?"

"சொன்னால் என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டு நீங்களும் கொழும்புக்குப் போயிடுவியள் எண்டு பயந்தனான் மிஸ்."

மிஸ் லொறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கோப்பையில் தேத்தண்ணீர் ஆறிப் போயிருந்தது. வேறு ஊற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அந்த ஆறினதையே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழும்பினார்.