விமலின் கப்பலுக்குப் பாய்

சுப்புராயனுக்குக் கைதான் பேசும். பேச்சு சாமர்த்தியம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். காசிமேட்டில் கிழிந்த வலை எதுவானாலும் அவரிடம்தான் வரும். அவர் போட்ட முடிச்சு, நூலே மக்கினாலும் விடாது.

மகன் விமல் நேர் எதிர், லொடலொடவென்று பேசுவான். லாஞ்சில் போய் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவன். கரையில் இருக்கும்போதெல்லாம், ஹார்பரில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகையை இழைத்து ஒரு பாய்க்கப்பல் செய்துகொண்டிருந்தான். செல்போனில் பார்த்துப் பார்த்து அடிக்கட்டையும் மூன்று பாய்மரமும் முடித்துவிட்டான். பாயும் கயிறும்தான் பாக்கி. கடைசியாகப் புறப்பட்ட அன்று கப்பலை பீரோ மேல் ஏற்றிவைத்துவிட்டு, "நைனா, இதுல கைய வெச்சிடாத. பாயி, கவுறு எல்லாம் நான் வந்து கட்டிக்கிறேன்" என்றான்.

லாஞ்சு புயலில் போயிற்று. உடைந்த பலகை கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

அவன் அம்மா பச்சையம்மா நம்பவே இல்லை. உடம்பைக் காட்டு, அப்புறம் அழுகிறேன் என்றாள். படத்துக்கு மாலை போட வந்த நாத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். உலை வைக்கும்போது அவன் பங்குக்கும் அரிசி போட்டாள். ஒரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

மகனுக்குக் காரியம் செய்துவிடலாம் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? சுப்புராயனால் முடியவில்லை. அதனால் கப்பலைக் கீழே இறக்கினார். வந்து கட்டிக்கொள்கிறேன் என்றவன் வேலையை அப்பன் முடித்துவிட்டால், இனி அவன் வரமாட்டான் என்று அவளுக்கே புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கோழை செய்கிற காரியம்தான். வேறென்ன செய்வார், பாவம்.

பச்சையம்மா பார்த்துவிட்டாள். "இன்னாயா பண்ற? புள்ள கைய வெக்காதன்னு சொல்லிட்டுப் போச்சே?"

அங்கேதான் மனுஷன் சறுக்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் போட்ட கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. "வந்து பாத்தா சந்தோசப்படட்டுமேன்னுதான்" என்று உளறிவைத்தார்.

அவ்வளவுதான், பச்சையம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. பழைய வேட்டியை அவளே கிழித்துக் கொடுத்தாள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பொம்மை மாதிரி இருக்கும் என்று டீத்தண்ணியில் முக்கினாள். கஞ்சி போட்டு, கவிழ்த்த குண்டான் மேல் காயவைத்தாள். உரித்து எடுத்தபோது பாய் காற்று நிறைந்த மாதிரி உப்பி நின்றது. நூலுக்கு மெழுகுவத்தி தேய்த்து முறுக்கேற்றியது சுப்புராயன். பிள்ளை வந்ததும் என்ன குழம்பு வைப்பது என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் தலை நிமிராமல் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டார்.

எல்லாம் முடிந்த சாயங்காலம் பச்சையம்மா எட்ட நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா கரைக்கு வந்த கப்பலு பாய விரிச்சிகினா நிக்கும்? இறக்கிடுயா. வூட்டுக்கு வந்துட்டா மாரி இருக்கட்டும்."

சுப்புராயன் பாய்க்கயிற்று முடிச்சை நகத்தால் நெம்பினார். அசையவில்லை.

"குடு இங்க" என்று வாங்கி, அவள் ஊசி முனையை விட்டுப் பார்த்தாள். கட்டுமரக்காரன் மகள் அவள். திடீர்க் காற்று அடித்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரிதான் பாய்க்கயிற்றைக் கட்டவேண்டும், இல்லையென்றால் கட்டுமரம் கவிழ்ந்துவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுப்புராயனுக்கும் தெரியாததல்ல. ஆனால் கப்பல் முழுக்க ஒன்றுவிடாமல் அவிழவே அவிழாத வலை முடிச்சு. கைப்பழக்கமா, மனசா, அது அவருக்கே தெரியாது.

பச்சையம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

"அவுக்கறதுக்கு ஆளு வரும்னு இருந்தா இப்டி கட்டியிருப்பியாயா?"

அவர் மிச்ச நூலை எடுத்துக் கண்டில் சுற்ற ஆரம்பித்தார்.

"எப்பலேந்து தெரியும் உனுக்கு?"

"பலக கெடச்ச அன்னிக்கே" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பச்சையம்மா கப்பலை மடியில் வைத்துக்கொண்டு, "என்னப் பெத்த ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக அடைத்து வைத்த ஒப்பாரி தெருமுனை வரைக்கும் கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்ன ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

சாவு விழுந்தால் அந்தத் தெரு கடலுக்குப் போகாது. மறுநாள் விடிந்தபோது அந்தத் தெருப் படகுகள் எல்லாம் கரையில்தான் கிடந்தன.