பன்னிரண்டாவது கோழி

மாலை ஏழு பத்து. கூண்டுக்குள் டார்ச் அடித்தபோது முதலில் தெரிந்தவை வால்கள். மேல் கம்பில் ஏழு, கீழ்க் கம்பில் நான்கு. கீழே மூன்றுதான் இருக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மலேசியாவின் கிள்ளானில், மேரு சாலையை ஒட்டிய அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். கோழிகள் அக்காவின் பொறுப்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. பொழுது சாய்ந்ததும் கூண்டில் எத்தனை அடைந்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது என் வேலை. மொத்தம் பதினொன்று. அதில் சாம்பல் நிறப் பெட்டை சமையலறைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் ஒன்பது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆகவே கூண்டில் பத்து.

பதினொன்று என்றேன். அக்கா நம்பவில்லை. "நெனச்சத சொல்லாத. பாத்தத சொல்லு," என்றாள். பிறகு அவளே வந்து எண்ணினாள். கீழ்க் கம்பின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவை கண்மூடி இருந்தன.

காலை வெளிச்சத்தில் அதன் தலையில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருப்பது தெரிந்தது. இடது காலில் கறுப்புக் கயிறு. அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"தல சுத்தி விட்ட கோழி. யாரும் கை வைக்காதீங்க."

ஒருவருக்கு நோய் விடாமல் இருந்தால், ஒரு கோழியை அவர் தலையை மூன்று முறை சுற்றி முச்சந்தியில் விட்டுவிடுவது அங்கே சிலர் வீட்டு வழக்கம். நோய் கோழியோடு போய்விடும். தொட்டவரிடம் அது இறங்கிவிடும் என்பார்கள். அந்தக் கோழியை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, அடித்து விரட்டவும் கூடாது. பெரும்பாலும் நாயோ உடும்போ அதை முடித்துவிடும். இது எங்கள் வீட்டுக்கு நடந்து வந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "புது டெனன்ட் லா? மறக்காம வாடகை வாங்கிக்கோ," என்று சிரித்தார். குங்குமத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் மகனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. பாசாரில் கோழி வாங்கி வந்தால் அப்பா அதை வாசல் பக்கம் ஒரு கூடையில் கவிழ்த்துப் பத்து நாள் தனியாக வைப்பார். அதன் எச்சம் கெட்டியாக இருந்தால்தான் மற்றவற்றோடு விடுவார். கறுப்புக் கோழியையும் அப்படிக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் அதற்கு அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்க யாரும் முன்வரவில்லை. அது எங்கள் கோழிகளோடு ஒரே தட்டில் தவிடும் சோறும் தின்றது, ஒரே கம்பில் தூங்கியது. அதன் குரலை நாங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் ஒரு கோழி இரை எடுக்கவில்லை. அதன் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராக இருந்தது. மறுநாள் மூன்று கோழிகள். மூச்சு விடும்போது தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தம். பிறகு கழுத்துகள் முறுக்கிக்கொண்டன. சேவல் அலகை வானத்துக்குத் தூக்கியபடி பின்னோக்கி நடந்தது. வேலியில் முட்டும், திரும்பும், மறுபடி பின்னோக்கியே நடக்கும். இரண்டு பெட்டைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டன. கறுப்புக் கோழி அவற்றுக்கு நடுவில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா ஒவ்வொன்றின் அலகையும் திறந்து தண்ணீர் விட்டாள். செத்தவற்றை அப்பா வீட்டின் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன் எச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த வாரம் கற்றேன். குளிர்ந்த கோழி உயிரோடு இருந்த கோழியைவிடக் கனமாகத் தோன்றும் என்பதையும்.

கால்நடை இலாகாவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சமீபத்தில் புதிதாக ஏதாவது கோழி சேர்த்தீர்களா என்று மலாயில் கேட்டார். அம்மா இல்லை என்றார். அது பொய் இல்லை. நாங்கள் சேர்க்கவில்லை. எட்டு நாளில் கூண்டில் இருந்த பத்தும் போயின.

மிச்சம் இருந்தது சாம்பல் பெட்டையும் அதன் ஒன்பது முட்டைகளும். ஒவ்வொரு முட்டையிலும் அக்கா கரியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். அடை வைத்த பதினெட்டாம் நாள் அவற்றை டார்ச்சின் மேல் வைத்து எனக்குக் காட்டினாள். உள்ளே இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சமான சிறு இடைவெளி, அந்த விளிம்பில் ஏதோ அசைந்தது. ஒன்பதிலும் அசைந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை பெட்டிக்குள் சாம்பல் பெட்டை கழுத்து முறுகிச் செத்துக் கிடந்தது. முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன.

அக்கா அவற்றை அப்பாவின் பழைய காக்கிச் சட்டையில் சுற்றி அடுப்போரம் வைத்தாள். அம்மா, "விட்டுடும்மா. எல்லாமே போச்சு, இதுவும் போகட்டும்," என்றார்.

"உள்ள ஆடுதும்மா."

அவள் முற்றத்துக்கு இறங்கினாள். எதற்குப் போகிறாள் என்று அம்மாவுக்கு என்னைவிட முன்பே புரிந்துவிட்டது.

"அத தொட்டா நீ வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"எத்தன நாளைக்கு?"

அம்மா வாசலில் வந்து நின்றார்.

"குஞ்சு வர மூணு நாளு ஆகும். நான் வெளியவே இருந்துக்கிறேன்," என்றாள் அக்கா.

கறுப்புக் கோழி ஓடவில்லை. அக்கா குனிந்து இரண்டு கைகளாலும் தூக்கினாள். சிறகடிக்கவும் இல்லை. பெட்டிக்குப் புது வைக்கோல் போட்டு முட்டைகளை அடுக்கி, நடுவில் கோழியை இறக்கிவிட்டாள். அது நெடுநேரம் நின்றது. பிறகு ஒரு முட்டையை அலகின் அடிப்பக்கத்தால் மெல்ல உள்ளே இழுத்து, அதன்மேல் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஒரு முறை கொக்கரித்தது. அம்மா வாசலை விட்டு உள்ளே போனார்.

அன்றே அம்மா மஞ்சள் கரைத்த தண்ணீரைப் படியில் வைத்தார். அக்கா அதில் குளித்தாள். சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் படுத்தாள். அப்பா தன் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை நான் வாசற்படியில் வைப்பேன். அவள் எடுத்துக்கொள்வாள். காலையும் மாலையும் அம்மா கதவுக்கு உள்ளே நின்று, காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று பதில் வரும். அம்மா அதை நம்பாமல், பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்புவார். நான் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பேன். அக்கா நாக்கை நீட்டிக் காட்டுவாள். சிரிப்பாள். கறுப்புக் கோழி என்னைப் பார்க்கும்.

இருபத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு முட்டை ஓடுகள் பெட்டிக்கு வெளியே கிடந்தன. ஆறு குஞ்சுகள். அக்கா ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, வாசற்படிவரை வந்து நின்றாள். அம்மா கதவை முழுவதும் திறந்தார்.

அக்காவின் இடது கண் சிவந்திருந்தது.