இரண்டு கையும் கேட்ட வாள்

பேசும் வாளைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நானும் அதை எழுதித்தான் பிழைக்கிறேன் என்பதால் கோபப்பட எனக்கு உரிமையும் உண்டு. அவர்களுடைய வாள்களைப் பாருங்கள். ஆயிரம் வருஷம் குகைக்குள் கிடக்கும். யாரோ ஒரு இளவரசன் வந்து தொட்டதும் கண் விழித்து, உனக்காகத்தான் காத்திருந்தேன் தலைவா என்று உருகும். என்னை ஆயிரம் வருஷம் இருட்டில் போட்டு வைத்துவிட்டு ஒருத்தன் வந்து தொட்டால், முதலில் அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அவனைப் புகழ்வதற்கு மட்டும் ஒரு வாய் எதற்கு? ஒரு ஜால்ராவை இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாமே.

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு ஆடியோ கதைக் கம்பெனிக்கு நான் மாயாஜாலத் தொடர் எழுதுகிறேன். வாரம் மூன்று எபிசோட். நான் எழுதுவதை ஒரு பெண் குரல் கொடுத்துப் பதிவு செய்வார். ஆயுதத்துக்கு உயிர் கொடுக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு வழிதான். அது என்னவெல்லாம் செய்யும் என்று யோசிக்க மாட்டேன். மலையைப் பிளக்கும், நெருப்பைக் கக்கும் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அது எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லும், அதைத்தான் யோசிப்பேன். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் எதற்கும் ஒரு குணம் வருகிறது.

என் தொடரில் வரும் வாள் ஒரு கையால் பிடித்தால் விழிக்காது, வெறும் இரும்பாகக் கிடக்கும். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால்தான் உயிர் வரும், வெட்டும், பேசும். பிடித்திருப்பவனுக்கு மட்டும் அதன் பேச்சு கேட்கும். ஏன் இரண்டு கை என்று இளவரசன் கேட்டபோது, "ஒரு கை சும்மா இருந்தா அது எங்கயாவது போயி மாட்டும்ப்பா" என்றது. கேட்கிறவர்கள் இதை என் கற்பனை என்று பாராட்டி எழுதுகிறார்கள். கற்பனையாவது, மண்ணாங்கட்டியாவது. அது பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பிரஸ் மெஷினின் சட்டம்.

தகட்டை வைத்து அழுத்தி வெட்டுகிற மெஷின் அது. இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே சமயத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்க வழியில்லை. அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. ஆனால் இரண்டு கையும் பட்டனுக்கே போனால் தகட்டை யார் வைப்பது, எடுப்பது? வேகம் குறையும், பீஸ் குறையும், சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று பெருமூச்சு விடுவார். அதனால் எங்கள் லைனில் ஒரு வித்தை இருந்தது. இடது பட்டனின் இடுக்கில் ஒரு சின்னத் தகட்டுத் துண்டைச் சொருகிவிடுவோம். பட்டன் அமுங்கியபடியே நிற்கும். ஒரு கையால் தகடு, ஒரு கையால் பட்டன். ஷிஃப்ட் முடியும்போது சொருகியவர் அதைப் பிடுங்கிவிட வேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத இந்த விதியை எல்லோரும் மதித்தோம்.

ஒரு நாள் நான் பிடுங்கவில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், மறந்துவிட்டேன். அடுத்த ஷிஃப்டில் அந்த மெஷினில் நின்றது ஒரே ஷிஃப்ட் வரும் நாளெல்லாம் என்னோடு சோறு பகிர்ந்து சாப்பிட்ட அக்கா. தர்மபுரிப் பக்கம். பத்து வருஷத்துக்கும் மேல் பெங்களூரில் இருந்ததில் பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும். மெஷினுக்கு இரண்டு கையும் வேண்டும் என்ற நம்பிக்கையில் வலது கையைப் பட்டன் மேல் ஊன்றிக்கொண்டு, இடது கையால் தகட்டைச் சரி செய்திருக்கிறாள். அச்சு இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். ஆபரேட்டர் தானே பாதுகாப்பை முடக்கிவிட்டு அஜாக்கிரதையாக வேலை செய்ததால் விபத்து என்று ஒரு பேப்பர் தயாரானது. லைனில் இருந்த எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். நான் சொன்னால் என் வேலை போகும் என்று பயம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டையும் பிரித்து வைத்தது என் பேனாதான்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அக்காவின் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆனால் வீட்டில் ஒரு தட்டு கைதவறி விழுந்தால் போதும், 'உன் அவசரத்துக்கு நீயே வாங்கிக்கிட்டது' என்று தொடங்கிவிடுவார். ஆறு வருஷமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டு அக்காவும் நம்பிவிட்டாள். முதலில், நான் சொருகவே இல்லை என்று சண்டை போட்டவள், பிறகு சொருகியிருப்பேனோ என்றாள். இப்போது, நான்தான் சொருகிவிட்டு மறந்துபோயிருக்கிறேன் என்கிறாள். தன் கையையே அவள் சந்தேகப்பட வைத்தவள் நான். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். என் மேல் எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவே கிடையாது. ஆனால் அந்த ஆத்திரம் ஒருநாளும் வாய்வரைக்கும் வந்ததில்லை.

விபத்து நடந்த அந்த வருஷமும் ஆயுதபூஜை வந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். எல்லா மெஷினுக்கும் ஒரு முழம் பூ என்றால் அந்தப் பிரஸ்ஸுக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு மாலை. தோஷம் கழியட்டும் என்று முதலாளியே தன் கையால் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டார். அக்காவைக் கூப்பிடக்கூட இல்லை. வருஷத்தில் ஒரு நாள் இரும்புக்கு உயிர் இருக்கிறது என்கிறோம். அன்றைக்கு அதைத் தொட்டு வேலை வாங்கக் கூடாது, அதற்கு மரியாதை உண்டு என்கிறோம். உயிர் இருக்கிறது என்றால் அது பார்த்திருக்கும் அல்லவா? யார் சொருகினது என்று அதற்குத் தெரியுமல்லவா? மாலையை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறதே, வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன என்று அந்த மெஷினை மனதுக்குள் திட்டினேன். என் வாள் பிறந்தது அன்றைக்குத்தான்.

பீன்யா வேலையை விட்டேன். தமிழில் எழுதத் தெரியும் என்பதால் இந்தக் கதைக் கம்பெனியில் நுழைந்தேன். வாளுக்குக் குரல் வேண்டுமே. யோசிக்கவே இல்லை, அக்காவின் வாயை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். மழையில் நனைத்தால் என் வாள் வசை பாடும். எண்ணெய் போதவில்லை என்று முணுமுணுக்கும். இளவரசன் வீரம் பேசினால் 'சும்னே இருப்பா' என்று கன்னடமும் தமிழுமாக அடக்கும். விரலைப் பறித்தது போதாதென்று வாயையும் நான் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கோ அதில் அத்தனை சந்தோஷம். இப்போது ஊதுபத்தி கோடவுனில் பாக்கெட் ஒட்டுகிற அவள், காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு எபிசோட் விடாமல் கேட்பாள். "அது நான்தானே, கள்ளி" என்று போனில் சிரிப்பாள்.

சென்ற மாதம் கன்டென்ட் எடிட்டர் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசுவார். வாள் ரொம்ப எதிர்த்துப் பேசுகிறது, அந்த இடங்களில் கேட்பவர்கள் கழன்று போகிறார்கள் என்றார். இளவரசன் ஒற்றைக் கையால் வாளைச் சுழற்றினால்தான் மாஸாக இருக்குமாம். வாள் கொஞ்சம் அவன் மேல் ஆசைப்பட்டாலும் நல்லதாம். அது ஆசைப்படாது, அது அந்த மாதிரி வாள் இல்லை என்றேன். இரண்டு கை சட்டத்தைத் தளர்த்த முடியாது, அதை எடுத்தால் அதற்கு உயிரே இல்லை என்றேன். அவர் பேனாவைத் தட்டியபடி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"சட்டத்த எடுக்க வேண்டாங்க மேம். ஒரு கையுறைல மண்ண ரொப்பி கைப்பிடில கட்டிட்டா? வாளு அதையும் கைன்னு நெனச்சுக்குமில்லீங்க?"

வாழ்நாளில் ஒரு பிரஸ் மெஷினை நேரில் பார்த்திராத மனுஷன். ஏசி அறையில் உட்கார்ந்து ஒரே நிமிஷத்தில் எங்கள் தகட்டுத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டார். வேகம் வேண்டும் என்று சொல்லி இவர்களை எங்கே உட்கார வைத்தாலும் நேராக அந்த இடுக்குக்குத்தான் போய்ச் சேருவார்களா? மேஜையில் கையால் ஓங்கி அடித்துவிட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரி, கட்டுகிறேன், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதையும் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மெட்ரோவில் நின்றபடியே போனில் எழுதினேன். இளவரசன் ஒற்றைக் கையால் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காக ஆயுதசாலைப் பணிப்பெண் ஒருத்தி மண் நிரப்பிய கையுறையை வாளில் கட்டுகிறாள். அவிழ்க்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். பிறகு ஒரு காவல்காரன் வருகிறான். வாள் தூங்குகிறது என்று நம்பி ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையால் அலகைத் துடைக்கிறான். வாள் விழிக்கிறது. அவன் விரல்கள் போகின்றன. கையுறையைக் கட்டியது அவனே என்று சபை தீர்ப்புச் சொல்கிறது. கட்டியது யார் என்று வாளுக்குத் தெரியும். ஆனால் இப்போது பயந்துபோய் இரண்டு கையாலும் அதைப் பிடிக்க ஒருவரும் வருவதில்லை, அதனால் அதற்கு வாய் திறக்க வழியில்லை. பணிப்பெண் தினமும் அதைக் கடந்து போகிறாள், தொடுவதில்லை. எபிசோடை அங்கேயே நிறுத்தினேன். எடிட்டர் படித்துவிட்டு, செம ட்விஸ்ட் என்று கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

அந்த எபிசோட் வெளியான வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்குழம்பு வைத்திருக்கிறேன் வா என்று அக்கா கூப்பிட்டாள். பீன்யாவுக்குப் பின்பக்கம் ஒற்றை அறை வீடு. அவள் வீட்டுக்காரர் வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்த பிறகு சேர்ந்து கேட்கலாம் என்று அவள் எபிசோடைக் கேட்காமல் வைத்திருந்தாள். போனை நடுவில் வைத்தாள். வாள் வசை பாடியபோது சிரித்தாள். கையுறை வந்ததும் சிரிப்பு நின்றது. காவல்காரனுக்குத் தீர்ப்புச் சொன்னபோது இடது கையை மடியில் வைத்து மூடிக்கொண்டாள். எபிசோட் முடிந்ததும் கோபமாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா? பேசறதுக்கு என்ன கேடு அவளுக்கு?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "நான்தாங்க்கா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்கு முதல் ஷிஃப்டில் நான்தான் தகட்டுத் துண்டைச் சொருகினேன், பிடுங்காமல் போனேன், தெரிந்தேதான் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லி முடித்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன். அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"நான் சொருகல" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள். "நான் சொருகவே இல்ல."

"இல்லக்கா."

"கதையில கத்திக்கு வாய் வச்சிருக்க. காவல்காரனுக்கு நியாயம் கேக்கற. ஆறு வருசமா என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என்னப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்க."

மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தேன். வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தாள், மூன்று விரல் இருக்கிற கையை. எழுந்து வாசலுக்குப் போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி உள்ளே வந்து, என்ன ஆச்சு, குழம்பில் உப்பு போதலையா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா அவரைப் பிடித்து என் எதிரில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று அகலத் திறந்து வைத்தாள்.

"சொல்லு இவருகிட்ட" என்றாள். "சூப்பர்வைசர் சொன்னாரு, கம்பெனி கேட்டுச்சுன்னு சுத்தி வளைக்காத. நான்னு ஆரம்பி."