நான் தேயிலைக்குள் ஒளிந்திருந்தபோது வந்த வரம்

என் மனைவி உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் பல மாதம் சோறு தின்றவன் நான். அம்மன் பிள்ளைகளே, அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் செல்வராஜ். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன், அதாவது வளர்ந்த தேயிலைச் செடியைத் தறித்துவிடும் வேலை. ஆத்தா எனக்குச் செய்ததைத் திருவிழா மலருக்குச் சொல்லும்படி கோயில் கமிட்டி கேட்டது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் தர்ஷினி எழுதுகிறாள். நடுவில் கெட்ட வார்த்தை வந்தால் எழுத மாட்டாளாம். எழுதாமல் போகட்டும், ஆத்தாவுக்கு என் வாய் தெரியும்.

கொரோனா வந்த முதல் வருஷம் நடந்தது இது. என் மனைவி யோகேஸ்வரி அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். லயத்துக் காம்பிராவை, வரிசையாய் ஒட்டிக்கிடக்கும் அந்த ஒற்றை அறையை, விட்டு வெளியேறித் தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும், அதில் மகளுக்கு ஜன்னல் வைத்த அறை ஒன்று வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் போகும்போது மகளுக்குப் பால் பல் விழத் தொடங்கியிருந்தது. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிருங்கப்பா" என்பாள். போனில் சொல்வேன். அங்கே அவள் சிரிப்பாள். பிறகு சத்தமே வராது. அழுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் மாதாமாதம் அனுப்பும் காசு டவுனில் உள்ள ஒரு சின்ன வங்கிக்கு வரும். தோட்டத்துச் சனமும், மரக்கறி போடுகிறவர்களும், கடைக்காரர்களும் உறுப்பினராகச் சேர்ந்து உண்டாக்கிய வங்கி அது. கவுண்டரில் நஸ்ரின் மிஸ் இருப்பார். "என்னா அண்ணே, அண்ணி சொகமா?" என்று கேட்ட பிறகுதான் புத்தகத்தைக் கையில் வாங்குவார். காசு வந்த மறுநாளே நான் அங்கே நிற்பேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நோய் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். பஸ் நின்றது, ரயில் நின்றது. தோட்ட வேலை மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் யோகா போனில் கூப்பிட்டாள். "மேடத்துக்குக் காய்ச்சலுங்க. எனக்கும் ஒடம்பெல்லாம் வலிக்குது. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள். பயப்படாதே என்று சொன்ன பிறகுதானே மனுஷனுக்குப் பயமே வருகிறது!

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மலை உச்சியில் உள்ள பாறைக்கு ஏறினால்தான் பேசலாம். அந்தக் கிழமையே மழையோடு ஏறினேன். கால் வழுக்கியது. கையில் இருந்த போன் கானுக்குள், அதாவது தண்ணீர் ஓடும் வடிகாலுக்குள், விழுந்து மழைத்தண்ணீரோடு போய்விட்டது. கையை விட்டுத் துழாவினேன், சேறுதான் வந்தது. டவுனுக்குப் போய் அதே நம்பரை எடுக்க வழியில்லை. தோட்டத்துக் கடையில் ஒரு பழைய போனும் புது நம்பரும் வாங்கினேன். யோகாவின் நம்பரை மகள் சுவரில் எழுதி வைத்திருந்ததால் அதற்கு அடித்தேன். ஓஃப். மறுநாளும் ஓஃப். அவளை அனுப்பி வைத்த ஏஜென்ட்டும் போனை எடுக்கவில்லை. அந்த ஆளைப் பற்றி நான் சொன்னதை மகள் எழுதவில்லை.

தினமும் வேலை முடிந்ததும் பாறைக்கு ஏறுவேன். கீழே வட்டவளைப் பக்கம் பனி மூடிவிடும். போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இறங்கி வரும்போது மகள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அம்மாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அதன் கை அவள் முழங்காலுக்கு வரும். அதைத் துவைக்கவே விடமாட்டாள். துவைத்தால் அம்மா வாசம் போய்விடுமாம்.

கோயிலையும் மூடிவிட்டார்கள். நான் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று ஆத்தாவிடம் சண்டை போட்டேன். "ஊரு நோயெல்லாம் ஒன் கையிலதானே இருக்கு? கண்டவன் நோயெல்லாம் தீர்க்கிறியே, என் பொஞ்சாதி எங்கேன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாயில்லையா? அவ வந்து சேரட்டும், தீச்சட்டி எடுக்கிறேன். அவ இல்லைன்னா இல்லைன்னாவது சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு உடனே, "ஐயோ, அத மட்டும் சொல்லிராத தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வங்கியில் போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டாவது போயிருக்கலாம். போகவில்லை. ஏன் தெரியுமா? நஸ்ரின் மிஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலையே அண்ணே" என்று சொல்லிவிட்டால்? காசு வரவில்லை என்றால் காசு அனுப்புகிறவள் இல்லை என்றுதானே அர்த்தம்? கேட்காமல் இருந்தால் அவள் இருக்கிறாள். அப்படி ஒரு பைத்தியக்காரக் கணக்குப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் நோய் கண்டது. முகக்கவசமும் நீள அங்கியும் போட்ட ஆட்கள் வந்து, பேர் வாசித்து, குடும்பம் குடும்பமாக பஸ்ஸில் ஏற்றித் தூரத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஆனால் பிள்ளைகள் அழுத சத்தம் எங்கள் லயம்வரை கேட்டது. அதன் பிறகு எங்கள் ஆட்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். வாகனம் வந்தால் தேயிலைக்குள் போய்விட வேண்டும், யார் பேரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் ரோட்டில் ஒரு வேன் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. இறங்கினவர்கள் முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் மறைப்பு, மழைக்கோட்டு என்று வந்தார்கள். சிங்கள டிரைவர் ஒரு தாளைப் பார்த்து, "செல்வராஜ் கோ? செல்வராஜ்!" என்று நான் எங்கே என்று கேட்டுக் கூப்பிட்டார். மகளை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தேன். முகாமுக்குக் கொண்டுபோனால் பாறைக்கு எப்படி ஏறுவது? அவள் போனில் கூப்பிட்டால் யார் பேசுவது? வேன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

சில நாள் கழித்து அதே வேன் மறுபடியும் வந்தது. நாங்கள் மறுபடியும் தேயிலைக்குள் இருந்தோம். பக்கத்துக் காம்பிரா மல்லிகா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே நின்றே சத்தம் போட்டது எங்களுக்குக் கேட்டது. "அவங்க இல்லீங்க! அந்தா, கடைசியா இருக்கிற தொங்கல் காம்பிராதான் அவங்க வூடு. ஊர விட்டே போயிட்டாங்க!"

வேன் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயில் கதவடியில் சூடம் கொளுத்தி, "காப்பாத்திட்டே தாயே" என்று விழுந்து கும்பிட்டேன். ஆத்தா உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் தடவையும் வந்தது. அன்றைக்கு ஹோர்ன் சத்தம் கேட்டதும் மகளின் வாயைப் பொத்திக்கொண்டு செடிக்குக் கீழே குந்தியிருந்தேன். வேனில் இருந்து ஒரு பெண் இறங்கி, பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டது. என் பேரைக் கூப்பிடவில்லை.

"தர்ஷினி மகள்! நான் வங்கி நஸ்ரின் மிஸ்! ஒங்க அம்மா காசு அனுப்பியிருக்காங்க! போன மாசமும் அனுப்புனாங்க, இந்த மாசமும் அனுப்பியிருக்காங்க!"

மகள் என் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். இந்தப் பெருவிரலுக்குக் கீழே இன்னும் தழும்பு இருக்கிறது. கான் தாண்டி, படி தாண்டி, "அம்மா அனுப்புனாங்களா? எங்கம்மாவா?" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மிஸ்ஸைக் கட்டிப்பிடிக்கப் போனவளை மிஸ்தான் கை நீட்டி நிறுத்தினார். "அங்கனயே நில்லு மகள். நோய்க் காலம். அங்கனயே நில்லு." சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் உடம்பெல்லாம் தேயிலைச் சருகோடு இறங்கிப் போனேன். மல்லிகா அக்கா என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தது.

"அவதான் அனுப்புனாளா மிஸ்? அவ பேர்ல வேற யாராவது..."

"அண்ணி அவங்க அடையாள அட்டையோட நேர்ல போனாத்தான் அங்க காச வாங்குவாங்க, அண்ணே. முந்தாநாத்துத்தான் போட்டிருக்காங்க."

முந்தாநாள் அவள் எழுந்து நடந்திருக்கிறாள். ஒரு கடைக்குப் போய்த் தன் கையால் காசு கொடுத்திருக்கிறாள். எவ்வளவு அனுப்பினாள் என்று நான் கேட்கவே இல்லை. அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

காசு வந்தும் ஆள் வரவில்லையே என்று வங்கியில்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். என் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். டவுனுக்கு வர முடியாத உறுப்பினர்களிடம் தாங்களே போவது என்று வங்கி அப்போது முடிவெடுத்திருந்தது. வயசாளிகளின் காசையும், டவுன் பாமசியில் இருந்து அவர்களுடைய மருந்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்திருக்கிறார்கள். மல்லிகா அக்காவின் மாட்டுக்கடனுக்குக்கூட, நோய் தணியும்வரை தவணை கேட்க மாட்டோம் என்று சொல்லத்தான் அவர்களிடம் செய்தி இருந்தது. அதைச் சொல்ல வந்தவர்களைத்தான் அக்கா விரட்டியிருக்கிறது.

"இல்லைன்னு சொன்ன பொறகும் ஏன் மிஸ் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஊர விட்டுப் போனவங்க அடுப்புல எப்புடி அண்ணே புக வரும்?" என்றார் மிஸ். "காசு விசயத்த இப்புடி ரோட்டுல நின்னு கத்தக்கூடாதுதான். ஆனா வேற வழி தெரியல."

என் புது நம்பரை மிஸ் எழுதிக்கொண்டார். குவைத்தில் அவள் காசு கட்டும் கடைக்கு வங்கி மூலமாகச் செய்தி அனுப்பினார்கள். அடுத்த தடவை அவள் வரும்போது இந்த நம்பரைக் கையில் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு நான் பாறையில் காத்திருந்தேன். முந்திக் காத்திருந்ததும் அதே பாறைதான். ஆனால் இப்போது யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று தெரிந்து காத்திருந்தேன்.

ஒரு சாயந்தரம் மகளோடு பாறையில் நிற்கும்போது போன் அடித்தது. "என்னாங்க" என்றாள். மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, எனக்கு எல்லாப் பல்லும் மொளைச்சிருச்சு" என்றாள்.

அந்தக் காய்ச்சலில் யோகாவை ஆசுபத்திரியில் வைத்திருந்திருக்கிறார்கள். அங்கே போன் தொலைந்து போயிருக்கிறது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் பழைய நம்பர் ஒன்றுதான். யார் யாரிடமோ போன் கேட்டு அடித்திருக்கிறாள். அது கானோடு போன நம்பர். "வேற எப்புடிங்க சொல்றது? ஒடம்பு எந்திரிச்சதும் காசு போட்டேன். நீங்க புத்தகத்தப் பாப்பீங்க, நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அந்தப் புத்தகத்தைத்தான் நான் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஆத்தா பதில் சொல்லாமல் இல்லை. மாதாமாதம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

யோகா ஊர் வந்து சேர மறு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் காத்திருப்பும் லேசுப்பட்டது இல்லை. ஆனால் அவள் குரல் இருந்தது. நோய் மறுபடியும் பரவியபோது வங்கி வேன் திரும்பவும் தோட்டங்களுக்கு வந்தது. ஞாயிறுகளில் நான் அதற்கு முன்னால் நடந்து போவேன். "ஓடாதீங்க! வங்கி வேனுங்க! நானே ஓடி ஒளிஞ்ச ஆளு, சொல்றேன், வெளிய வாங்க!" என்று லயம் லயமாகக் கத்துவேன். செடிக்குள்ளிருந்து தலைகள் எழும்பும். எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

திருவிழா திரும்பவும் நடந்த வருஷம் தீச்சட்டி எடுத்தேன். என் பக்கத்தில் யோகா மாவிளக்குத் தட்டோடு நடந்தாள்.

என் சொந்தங்களே, ஆத்தாவிடம் கேளுங்கள். சண்டை போட்டும் கேளுங்கள், அவள் கோவிக்க மாட்டாள். ஆனால் கேட்டுவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். அவள் நாம் நினைத்த உருவத்தில்தான் வருவாள் என்று இல்லை. எனக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, வேனில் வந்து ஹோர்ன் அடித்தாள். நல்லவேளை, திரும்பிப் போனவள் மறுபடியும் வந்தாள்.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் குசினிக்குள் இருந்து யோகா, "தர்ஷினி, தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டதும் மகள் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், இன்னும் அம்மா என்றால் அன்றைக்குப் போலத்தான் ஓடுகிறாள். இந்தக் கடைசி வரிகள் என் கையெழுத்து, பிழை இருந்தால் மன்னிக்கவும்: ஆத்தா, அவள் வீட்டில் இருக்கிறாள், அது போதும்.