ஸ்டார்ட் பட்டனில் வைத்த சந்தனப் பொட்டு

இன்று காலை ஓடாத வாஷிங் மெஷின் முன்னால் நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எதிர் ஃபிளாட் கோமதி மாமி.

மூன்று நாள் துணியை நான்கு பக்கெட்டில் விடியற்காலையிலேயே ஊறப்போட்டிருந்தேன். என் மணிக்கட்டிலோ கிரேப் பேண்டேஜ். துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். மாமி குழாயைத் திறந்து பார்த்தார். நான் "ரங்கா, காப்பாத்து" என்று மெஷின் கதவை அழுத்திச் சாத்தினேன். விளக்கு எரிந்தது, பட்டன் அசையவில்லை.

பதினொரு மணிக்கு வந்த மெக்கானிக் பார்த்ததுமே கேட்டார்: "ஏம்மா, ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வச்சீங்களா?"

"வைக்காம? வருஷம் பூரா உழைக்கிறதே!"

"அதுக்குன்னு ஸ்டார்ட் பட்டன் மேலேயேவா? பன்னீர்ல குழைச்ச சந்தனம் உள்ள இறங்கி பட்டன் ஒட்டிக்கிச்சு, போர்டும் ஈரம். முந்தாநாள் பூஜையிலேர்ந்து எனக்கு இது ஆறாவது வீடும்மா."

"நல்லவேளை, டிவி கிட்ட இவளை நான் விடலை" என்றார் என் வீட்டுக்காரர்.

போர்டைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, நாளை சாயங்காலம் வரை தொட வேண்டாம் என்று மெக்கானிக் கிளம்பிவிட்டார். தானே பிழிந்து தருவதாகச் சொன்ன வீட்டுக்காரர், இரண்டு துண்டு பிழிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பொட்டை எங்கே வைப்பது என்ற அறிவுரை மெக்கானிக் வந்ததிலிருந்து நிறைய கிடைத்துவிட்டது, போதும். ஸ்ரீரங்கத்திலோ திருவானைக்காவலிலோ ஈரத்துணியை வாங்கித் துவைத்துத் தரும் கடை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், துணி வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது.